500 பேர் ஒரு பேரரசை வீழ்த்தினார்கள் என்பது நிஜமா?

புதிய வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி. பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து இன்று பார்க்கும் காணொளிகள் வரை எங்கும் ஒரே கதைதான். 1519இல் ஹெர்னான் கோர்டெஸ் என்ற ஸ்பானியர் 11 கப்பல்கள், சுமார் 500 வீரர்கள், 16 குதிரைகள், கொஞ்சம் பீரங்கிகளோடு மெக்சிகோ கரையில் இறங்கினார். 1521 ஆகஸ்டில் அஸ்டெக் பேரரசே அவர் கையில். காரணம் கேட்டால் எப்போதும் அதே மூன்று: துப்பாக்கி, குதிரை, அப்புறம் மன்னர் மொக்டெசூமா அவரைக் கடவுள் என்று நம்பி ஏமாந்தது.

எனக்கு இது மனதில் ஒட்டவே இல்லை. டெனோச்டிட்லான் ஏரிக்கு நடுவே கட்டிய நகரம், அன்றைக்கு ஸ்பெயினில் இருந்த எந்த ஊரையும்விடப் பெரியது. வழிவழியாகப் போர் செய்து பழகிய மக்கள். அந்தக் காலத் துப்பாக்கியோ ஒரு குண்டு சுட்டபின் மறுபடி மருந்து கிட்டித்துத் தயார் செய்வதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவான். 16 குதிரையை வைத்துக்கொண்டு எத்தனை பேரை விரட்ட முடியும்? ஒரு முழு நாகரிகத்து மக்களையும் ஏமாளிகள் என்று சொன்னால்தான் இந்தக் கதை நிற்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையில் என்ன நடந்தது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

கடலோடி:

உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. 500 பேர் என்பது பொய் இல்லை, ஆனால் அது கரையில் இறங்கிய நாளின் கணக்கு, நகரம் விழுந்த நாளின் கணக்கு அல்ல. 1521இல் டெனோச்டிட்லானை முற்றுகையிட்டபோது ஸ்பானியர்கள் சுமார் 900 பேர். அவர்களோடு நின்ற உள்நாட்டுப் படைகள் பல பத்தாயிரம், லட்சத்தைத் தாண்டிச் சொல்லும் கணக்குகளும் உண்டு. பள்ளிப் பாடத்தில் அந்த 900 பேர் மட்டும் இருக்கிறார்கள், கூட நின்றவர்களைக் காணோம்.

முதலில் "அஸ்டெக் பேரரசு" என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் தங்களை மெஷிகா என்று அழைத்துக்கொண்டார்கள். 1428 வாக்கில் டெனோச்டிட்லான், டெஸ்கோகோ, ட்லாகோபான் என்ற மூன்று நகரங்கள் சேர்ந்து அமைத்த கூட்டணிதான் அந்தப் பேரரசு. வென்ற ஊரில் பெரும்பாலும் பழைய தலைவரையே விட்டுவிடுவார்கள், ஆண்டுதோறும் துணி, சோளம், கொக்கோ, இறகு என்று கப்பம் வந்தால் போதும். எல்லா இடத்திலும் காவல்படை கிடையாது. இதனால் செலவு குறைவு, ஆனால் காற்று திசை மாறினால் கப்பம் கட்டுகிறவர்கள் அடுத்த நாளே வேறு பக்கம் போய்விடலாம். கடற்கரை ஊரான செம்போவாலாவின் டோடோனாக் மக்கள் அப்படித்தான் போனார்கள். கோர்டெஸுக்குக் கிடைத்த முதல் கூட்டாளிகள் அவர்கள்.

ஆனால் ட்லாஸ்கலா இல்லாமல் இந்தக் கதையே இல்லை. மெஷிகாக்களிடம் பணியாத தனி நாடு அது. சுற்றிலும் மெஷிகா பகுதிகள், உப்பும் பருத்தியும் உள்ளே வராமல் பல ஆண்டுகள் மறித்து வைத்திருந்தார்கள். உப்பில்லாமல் சாப்பிட்டு, பருத்தித் துணி இல்லாமல் இருந்து, அப்படியும் தலை குனியாத மக்கள். 1519 செப்டம்பரில் ஸ்பானியர்கள் உள்ளே வந்தபோது முதலில் அவர்கள் செய்தது போர்தான். குதிரையைப் பார்த்து யாரும் ஓடவில்லை, முதல் மோதலிலேயே குதிரைகளை வெட்டிச் சாய்த்தார்கள். கோர்டெஸின் ஆட்களில் பலர் காயத்தோடும் பட்டினியோடும் கடற்கரைக்கே திரும்பிவிடலாம் என்று முணுமுணுக்கத் தொடங்கிய நேரம். இன்னும் சில வாரம் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த நேரத்தில்தான் ட்லாஸ்கலாவின் தலைவர்கள் கூடிப் பேசி, இவர்களைக் கொல்வதைவிடச் சேர்த்துக்கொள்வது நல்லது என்று முடிவெடுத்தார்கள். எல்லோருக்கும் சம்மதம் இல்லை. படையை நடத்திய இளைய ஷிகோடென்காட்ல் கடைசிவரை எதிர்த்தார் (1521இல் கோர்டெஸ் அவரைத் தூக்கில் போட்டார்). மாஷிஷ்காட்சின் என்ற தலைவர் ஆதரித்தார், அவர் சொல் நின்றது. இதை ஏமாந்த முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணெதிரே மெஷிகா என்ற பழைய எதிரி, புதிதாக வந்தவனிடம் கூர்மையான இரும்பு வாள். கையில் இருந்த விவரத்தை வைத்துப் பார்த்தால் நியாயமான கணக்கு.

அடுத்த ஆண்டு இதைவிட முக்கியமானது ஒன்று நடந்தது. அதற்குள் டெனோச்டிட்லானுக்குள் போயிருந்த ஸ்பானியர்கள் 1520 ஜூன் 30 இரவு அங்கிருந்து தப்பி ஓடும்போது ஏரிப்பாதையில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், உடன் போன ட்லாஸ்கலா வீரர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பீரங்கி எல்லாம் தண்ணீருக்குள் போனது. அடிபட்ட அந்தச் சிறு கூட்டம் ட்லாஸ்கலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மெஷிகா தூதர்களும் அங்கே வந்து, பழைய பகையை மறப்போம், இவர்களை முடித்துவிடுங்கள் என்று கேட்டார்கள். தலைவர்கள் மறுபடி கூடிப் பேசினார்கள், மறுபடி மறுத்தார்கள். கோர்டெஸ் அங்கே பிழைத்தது துப்பாக்கியால் அல்ல, அந்தச் சபையின் முடிவால்.

அப்புறம் படகுகள். ஏரி நகரத்தைப் பிடிக்க ஏரியைப் பிடிக்க வேண்டும். கப்பல்களைக் கோர்டெஸ் எரித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு, அது தவறு. எரிக்கவில்லை, கரைதட்ட வைத்துச் செயலிழக்கச் செய்தார். அந்தக் கப்பல்களின் இரும்புச் சாமான்களையும் பாய்களையும் வெராகுரூஸிலிருந்து மலை ஏற்றிக் கொண்டுவந்து, மார்ட்டின் லோபெஸ் என்ற தச்சரின் மேற்பார்வையில் ட்லாஸ்கலா காட்டு மரத்தில் 13 படகுகள் செய்தார்கள். பிறகு அவற்றைக் கழற்றி, துண்டுதுண்டாகத் தோளில் சுமந்து மலை தாண்டி டெஸ்கோகோ கொண்டுபோனார்கள். சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கான ட்லாஸ்கலா மக்கள். ஏரிக்கு இறக்கக் கால்வாய் வெட்டியவர்கள் டெஸ்கோகோ மக்கள். ஆம், மூன்று நகரக் கூட்டணியில் இருந்த அதே டெஸ்கோகோதான். அங்கே அரியணைச் சண்டை நடந்தது, தோற்ற தரப்பின் இளவரசர் இஷ்ட்லில்ஷோசிட்ல் ஸ்பானியர்களோடு சேர்ந்துகொண்டார். படகுகள் 1521 ஏப்ரல் கடைசியில் நீரில் இறங்கின, ஆகஸ்ட் 13இல் நகரம் விழுந்தது.

கடவுள் கதை பற்றிச் சுருக்கமாக: கோர்டெஸ் மன்னருக்கு எழுதிய கடிதங்களில் தன்னை கெட்சால்கோவாட்ல் தெய்வமாகக் கருதினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. தன் பெருமையைச் சொல்லத் தயங்காத ஆள் அவர், நடந்திருந்தால் எழுதாமல் விட்டிருப்பாரா? அந்தக் கதை முழு உருவம் பெறுவது பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

மருந்துப்பெட்டி:

கடலோடி சொன்னதில் ஒரு பெரிய விஷயம் விடுபட்டுவிட்டது. பெரியம்மை.

1520இல் கோர்டெஸைக் கைதுசெய்ய கியூபாவின் ஆளுநர் வெலாஸ்கெஸ், நார்வாயெஸ் தலைமையில் ஒரு படை அனுப்பினார் (கோர்டெஸ் ஆளுநரின் சொல் மீறிப் புறப்பட்டவர்). அந்தக் கப்பல்களோடு நோய் கரையேறியது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், அதாவது ஸ்பானியர்கள் நகரத்தைவிட்டு ஓடிய பிறகு, டெனோச்டிட்லானுக்குள் புகுந்தது. மொக்டெசூமாவுக்குப் பின் மன்னரான குயிட்லாவாக் சுமார் 80 நாள் ஆண்டுவிட்டு இறந்தார், பெரியம்மைதான். படை நடத்துகிற ஆள், பயிர் வைக்கிற ஆள், தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற ஆள் எல்லோரும் ஒரே வாரத்தில் படுத்தால் ஒரு நகரம் என்ன ஆகும்? நோயால் செத்தவர்கள் ஒரு பங்கு என்றால், படுத்தவருக்குக் கஞ்சி கொடுக்க எழுந்து நிற்கும் ஆள் இல்லாமல் செத்தவர்கள் இன்னொரு பங்கு. சஹாகுன் என்ற பாதிரியார் மெஷிகா முதியவர்களிடம் கேட்டு நாவாட்ல் மொழியில் தொகுக்கச் செய்த நூலில் இது அப்படியே இருக்கிறது, பாயில் கொப்புளங்களோடு கிடப்பவர்களின் படமும் உண்டு.

ஆனால் நோய் ஆள் பார்த்து வருவதில்லை. ட்லாஸ்கலாவிலும் வந்தது, மேலே சொன்ன மாஷிஷ்காட்சின் அதிலேயே இறந்தார். அதனால் நோயே ஜெயித்துக் கொடுத்தது என்று சொன்னால் அதுவும் அரைக் கதை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குக் கோபமே உண்டு. "கிருமிதான் கொன்றது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஹிஸ்பானியோலா தீவைப் பாருங்கள், கொலம்பஸ் 1492இல் இறங்கிய இடம். பெரியம்மை அங்கே வந்தது 1518 கடைசியில். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1514இல் டைனோ மக்களை ஸ்பானியர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க எடுத்த கணக்கில் மிச்சம் இருந்தவர்கள் சுமார் 26,000 பேர். அந்தத் தீவின் பழைய மக்கள்தொகை பற்றி அறிஞர்களிடையே பெரிய வாக்குவாதம் உண்டு, ஆனால் மிகக் குறைவாக மதிப்பிடுகிறவர்களின் கணக்கோடு ஒப்பிட்டாலும் இது பேரழிவு. பெரியம்மை வருவதற்கு முன்பே தங்கச் சுரங்கம், கட்டாய உழைப்பு, பட்டினி, வயலைவிட்டு விரட்டியது இவையெல்லாம் சேர்ந்து மக்களைக் கரைத்துவிட்டன. இளைத்த உடம்பில் எந்த நோயும் சுலபமாக ஏறும். மெக்சிகோவிலும் 1545, 1576 ஆண்டுகளில் வந்த கோகோலிஸ்ட்லி கொள்ளைநோய்கள் பெரியம்மையைவிட அதிகம் கொன்றிருக்கலாம். 1545 நோயில் இறந்தவர்களைப் புதைத்த டெபோஸ்கோலூலா கல்லறையில் பற்களிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்ததில் ஒருவகை சால்மொனெல்லா கிருமி கிடைத்ததாக 2018இல் ஆய்வு வந்தது.

புதிய வாசகன்:

இருவருக்கும் நன்றி. இரண்டு முறை படித்தேன். படகுகளைத் தோளில் சுமந்து மலை தாண்டியது எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

இரண்டு துணைக் கேள்விகள். ஒன்று, மொழி. ட்லாஸ்கலா சபையோடு கோர்டெஸ் எப்படிப் பேசினார்? மலின்சே என்ற பெண்ணின் பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன், துரோகி என்று சொல்லித்தான். இரண்டாவது, உதவி செய்த ட்லாஸ்கலாவுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது?

செம்பருத்தி:

மலின்சே பற்றி நான் சொல்கிறேன்.

அவர் நாவாட்ல் பேசும் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே அடிமையாகக் கைமாறி மாயா பகுதிக்குப் போனவர். அதனால் அவருக்கு நாவாட்லும் தெரியும், மாயா மொழியும் தெரியும். 1519 மார்ச்சில் பொடோன்சான் பக்கம் ஸ்பானியர்களிடம் தோற்ற மாயாக்கள் பரிசாகக் கொடுத்த 20 பெண்களில் ஒருவர். யாரும் அவரைக் கேட்டுக் கொடுக்கவில்லை.

இன்னொரு பக்கம் ஹெரோனிமோ தெ அகிலார் என்ற ஸ்பானியர். 1511இல் கப்பல் உடைந்து யுகாடான் கரையில் ஒதுங்கி, எட்டு ஆண்டுகள் மாயாக்களோடு வாழ்ந்தவர். அதனால் பேச்சு இப்படி ஓடியது: கோர்டெஸ் ஸ்பானிய மொழியில் சொல்வார், அகிலார் அதை மாயாவில் சொல்வார், மலின்சே அதை நாவாட்லில் சொல்வார். பதிலும் அதே மூன்று படி ஏறி வரும். சில மாதங்களில் அந்தப் பெண் ஸ்பானிய மொழியையும் கற்றுக்கொண்டார், அகிலார் தேவையில்லாமல் போனார். அந்தச் சபைகளில் பேசியது சாதாரணப் பேச்சு அல்ல, மரியாதைச் சொற்களும் சுற்றி வளைத்துச் சொல்லும் நயமும் நிறைந்த அரசவை நாவாட்ல். அதைப் புரிந்துகொண்டு, பாதி மட்டும் சொல்லப்பட்டதன் மீதியையும் ஊகித்து, எதிரே இருக்கும் அரசர் மனம் கோணாமல் பதில் சொல்ல வேண்டும். அவர் செய்தார், அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

உள்ளூர் மக்கள் அவரை மலின்ட்சின் என்று மரியாதை விகுதி சேர்த்து அழைத்தார்கள். கோர்டெஸையே "மலின்சே" என்றுதான் கூப்பிட்டார்கள், அந்தப் பெண்ணோடு வரும் தலைவன் என்ற பொருளில். ட்லாஸ்கலா மக்கள் வரைந்த படங்களில் அவர் நடுநாயகமாக, கோர்டெஸுக்குச் சமமாக நிற்கிறார். துரோகி என்ற பட்டம் பின்னால் வந்தது. மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற பிறகு தேச உணர்வு வளர்ந்த காலத்தில்தான் அது கெட்டிப்பட்டது. இன்றும் அந்நியத்தை மட்டும் மதிக்கிறவரை அங்கே "மலின்சிஸ்டா" என்று திட்டுவார்கள். எனக்கு ஒரு கேள்வி மட்டும் உண்டு. அடிமையாக விற்ற மக்களுக்கா, பரிசாகத் தூக்கிக் கொடுத்த மக்களுக்கா, இதுவரை பார்த்தே இராத டெனோச்டிட்லான் மன்னருக்கா, யாருக்கு அவர் விசுவாசமாக இருந்திருக்க வேண்டும்? கோர்டெஸால் அவருக்கு மார்ட்டின் என்ற மகன் பிறந்தான். அந்தப் பிள்ளையைச் சிறு வயதிலேயே தகப்பன் ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். 1529 வாக்கிலேயே மலின்ட்சின் உயிரோடு இல்லை.

வேர்கள்:

எல்லாம் சரி, ஆனால் இந்த உரையாடல் போகும் திசை எனக்குக் கவலையாக இருக்கிறது. "உள்நாட்டுக்காரர்களே சேர்ந்து வீழ்த்தினார்கள்" என்பதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னால் "அவர்களே அவர்களை அழித்துக்கொண்டார்கள், ஸ்பானியர்கள் சும்மா நின்றார்கள்" என்று ஆகிவிடும். இப்படிப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

1519 அக்டோபரில் சோலூலாவில் ஆயுதம் இல்லாமல் முற்றத்தில் கூட்டிவைத்த மக்களை வெட்டிக் கொன்றது யார்? 1520 மே மாதம் டோஷ்காட்ல் திருவிழாவில், பாட்டும் நடனமுமாக இருந்த மெஷிகா பிரபுக்களை வாசல்களை அடைத்துவிட்டுக் கொல்லச் சொன்னது பெத்ரோ தெ அல்வராடோ. அதே ஆண்டு டெபெயாகாவில் பிடித்தவர்களைச் சூட்டுக்கோலால் முத்திரை குத்தி அடிமைகளாக விற்றார்கள். கடைசி மன்னர் குவாவ்டெமோக் சரணடைந்த பிறகு தங்கம் எங்கே என்று கேட்டு அவர் பாதங்களைச் சுட்டார்கள், 1525இல் ஹோண்டுராஸ் போகும் வழியில் தூக்கிலிட்டார்கள். 1513இல் ஸ்பானிய அரசு தயாரித்த "ரெகெரிமியெந்தோ" என்ற அறிக்கை எத்தனை பேருக்குத் தெரியும்? போப்பும் அரசரும்தான் உங்களுக்கு அதிபதிகள், ஏற்றுக்கொள்ளுங்கள், ஏற்காவிட்டால் உங்கள் மீது போர் தொடுப்போம், பெண்டு பிள்ளைகளை அடிமையாக்குவோம், அதனால் வரும் சாவுக்கும் நீங்களே பொறுப்பு என்று கேட்பவருக்குப் புரியாத மொழியில் வாசித்துவிட்டுத் தாக்குவார்கள். சட்டம் எழுதுகிற ஆட்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியது அது.

கடலோடி:

வேர்கள், நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். டோஷ்காட்ல் படுகொலையை என் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டது என் தவறு. நகரம் முழுக்கக் கொதித்து எழுந்ததற்கும், ஜூன் 30 இரவு அவர்கள் ஓட வேண்டி வந்ததற்கும் அதுதான் நேர் காரணம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "அவர்களே அவர்களை" என்ற பேச்சில் அந்த "அவர்கள்" என்ற சொல்லே தவறு. 1519இல் அங்கே "இந்தியர்கள்" என்று யாரும் இல்லை. ட்லாஸ்கலாக்காரர், மெஷிகா, டோடோனாக், ஒட்டோமி, மாயா என்று தனித்தனி மக்கள் இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் தனி ஊர், தனி அரசு, தனிப் பகை. எல்லோரையும் ஒரே பெயரில் அடைத்து ஒரே வரிப் புத்தகத்தில் எழுதியது பின்னால் வந்த ஸ்பானிய ஆட்சி. அந்தப் பெயரை முன்னால் கொண்டுபோய் வைத்து "ஏன் ஒற்றுமையாக இல்லை" என்று கேட்பது நியாயமில்லை. ட்லாஸ்கலா கூட்டு சேர்ந்தது ஒரு போருக்கு. அந்தப் போருக்குப் பின்னால் கப்பல் கப்பலாக ஆட்கள் வருவார்கள் என்பதை அன்றைக்கு அந்தச் சபையில் இருந்த யாராலும் கண்டிருக்க முடியாது.

சரி, அவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு வருகிறேன். ட்லாஸ்கலாவுக்கு ஓரளவு கிடைத்தது. என்கோமியெண்டா என்று ஒரு முறை, ஒரு ஊரின் உழைப்பையும் வரியையும் ஒரு ஸ்பானியருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவது. ட்லாஸ்கலாவை அப்படி யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று 1535இல் அரசாணை வாங்கினார்கள், நகரத்துக்குக் குலச்சின்னமும் வாங்கினார்கள். அதோடு விடவில்லை. தலைவர்கள் கடல் தாண்டி ஸ்பெயினுக்கே தூது போனார்கள். 1550கள் வாக்கில் "நாங்கள்தான் ஜெயித்துக் கொடுத்தோம்" என்பதை ஒவ்வொரு போராகப் படம் வரைந்து பெரிய துணிச்சுருள் ஒன்று தயாரித்தார்கள். செம்பருத்தி சொன்ன படங்கள் அதில் உள்ளவைதான். 1591இல் சுமார் 400 ட்லாஸ்கலா குடும்பங்கள் வடக்கு எல்லையில் குடியேறப் போனபோதும் வரிவிலக்கு, குதிரை ஏறும் உரிமை, ஆயுதம் வைக்கும் உரிமை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்கள். ஆனாலும் வாக்குறுதி கொடுத்தபடி வரி நீங்கவில்லை, நோய் அவர்களையும் பாதிக்கு மேல் தின்றது.

மற்ற கூட்டாளிகளின் நிலைமை இதைவிட மோசம். பக்கத்து ஊரான ஹுவெஹோட்சிங்கோவும் ஸ்பானியர்களோடு நின்றதுதான். அந்த ஊர்ச் சபை 1560இல் மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு நாவாட்ல் மொழியில் ஒரு கடிதம் எழுதியது. படிக்கும்போது நெஞ்சு கனக்கும். ட்லாஸ்கலாக்காரர்கள்கூட முதலில் உங்களோடு சண்டை போட்டார்கள், நாங்கள் ஒரு நாளும் எதிர்க்கவில்லை, சோறு போட்டோம், காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தோம், இப்போது எங்கள் மேல் இத்தனை வரி ஏற்றினால் ஊரே காலியாகிவிடும் என்று கெஞ்சுகிறார்கள்.

நெடுவழி:

பெருவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன், அங்கேயும் இதே "கொஞ்சம் பேர்" கதைதான் சொல்வார்கள். 1532 நவம்பர் 16 அன்று காஹமார்காவில் பிசாரோ என்ற ஸ்பானியரின் 168 பேர் இன்கா மன்னர் அதாவால்பாவைப் பிடித்தார்கள். அது உண்மை. ஆனால் அதாவால்பா அப்போதுதான் தன் சகோதரன் வாஸ்காரோடு நடந்த உள்நாட்டுப் போரை முடித்திருந்தார், பாதி நாடு அவரை வெறுத்தது. அந்தப் போருக்கே காரணம், தகப்பன் வாய்னா காபாக் திடீரென்று கொள்ளைநோயில் போனதுதான் என்று பலர் சொல்கிறார்கள், அதாவது ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே நோய் வந்து சேர்ந்திருக்கலாம்.

அப்புறம் கானாரி, சாசபோயா, ஹுவாங்கா மக்கள். இன்கா ஆட்சியில் அடிபட்டவர்கள், ஸ்பானியர்கள் பக்கம் போனார்கள். இதில் ஹுவாங்காக்கள் செய்த காரியம் எனக்கு எப்போதும் வியப்பு. ஸ்பானியர்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு மூட்டை சோளம், ஒவ்வொரு லாமா, ஒவ்வொரு போர்வை, அனுப்பிய ஆட்கள், அவர்கள் திருடிக்கொண்டு போனது உட்பட அத்தனையையும் கிப்பு என்ற முடிச்சுக் கயிற்றில் கணக்கு வைத்திருந்தார்கள். 1561இல் லிமா நீதிமன்றத்துக்கு அந்தக் கயிறுகளைக் கொண்டுபோய், முடிச்சு முடிச்சாகத் தொட்டு வாசித்துக் காட்டி, இதற்கெல்லாம் எங்களுக்கு என்ன என்று கேட்டார்கள். முப்பது வருஷக் கணக்கு.

இன்னொன்று, "இரண்டே ஆண்டில் முடிந்தது" என்பதும் சரியில்லை. 1536இல் மான்கோ இன்கா, ஸ்பானியர் பிடித்து வைத்திருந்த இன்கா தலைநகரான குஸ்கோவையே முற்றுகையிட்டார், பிறகு வில்காபாம்பா காட்டில் ஒதுங்கிய இன்கா அரசு 1572 வரை நின்றது. மாயாக்களின் நோஹ்பெடேன் நகரம் விழுந்தது 1697இல், கொலம்பஸ் வந்து 205 ஆண்டு கழித்து! தெற்கே மாபுசே மக்கள் 1553இல் சிலியின் ஆளுநர் வால்திவியாவைப் போரில் கொன்றார்கள், கடைசியில் 1641இல் கில்லின் என்ற இடத்தில் ஸ்பெயின் அவர்களோடு உடன்படிக்கை செய்து, பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே அவர்கள் நிலம் என்று ஒப்புக்கொண்டது. பள்ளி வரைபடத்தில் இந்த இடங்களுக்கும் சேர்த்தே ஒரே வண்ணம் பூசியிருப்பார்கள்.

புதிய வாசகன்:

அந்த வண்ணம் பூசிய வரைபடம் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது, நெடுவழி. வேர்கள் சொன்ன எச்சரிக்கையையும் குறித்துக்கொண்டேன். அந்த ட்லாஸ்கலா துணிச்சுருளைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. எங்கே இருக்கிறது?

கடலோடி:

மூலம் இல்லை, 19ஆம் நூற்றாண்டிலேயே தொலைந்துவிட்டது. பிரதிகள் எடுத்து வைத்திருந்ததால் படங்கள் நமக்குக் கிடைக்கின்றன, இணையத்தில் தேடினால் பார்க்கலாம். பார்க்கும்போது ஸ்பானியர்களைக் கொஞ்சம் விட்டுவிட்டு அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களைக் கவனியுங்கள். முறுக்கிய சிவப்பு வெள்ளைத் தலைப்பட்டை கட்டியிருப்பவர்கள் ட்லாஸ்கலாப் பிரபுக்கள். ஏறக்குறைய எல்லாப் போர்க் காட்சியிலும் அவர்களின் வீரர்கள் இருப்பார்கள்.